மாடி அறைக்கு ஆள் தேவை

ஜனவரி 12

அன்புள்ள சுண்டு,

நான் நலம். முழங்கால் மட்டும் தன் வயதைச் சொல்லிவிட்டது. மற்ற பாகங்கள் இன்னும் மறைத்துக்கொண்டிருக்கின்றன. நீயும் பையனும் மருமகளும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது.

மாடியில் குடியிருந்த சர்வேயர் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது. கிளம்பும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மறக்கவே மாட்டோம்மா" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். குறை சொல்லவில்லை. நானும் அவளிடம் தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

அவர்கள் பிள்ளைகள் தடதடவென்று படியிறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போடுவேன். நேற்று சாயங்காலம் பழக்கதோஷத்தில், யாருமில்லாத படியைப் பார்த்து "மெதுவா!" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, கேட்க ஆளில்லை.

வீட்டுத் தரகர் தினம் வந்து வாசலில் நிற்கிறார். "மேடம், ரூமைப் பூட்டியே வச்சா பூச்சிதான் குடிவரும்" என்கிறார். "பூச்சி நேரத்துக்குத் தூங்கும். நீங்க கூட்டிட்டு வர்ற ஆளுங்க தூங்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வாடகை பெரிதில்லை. உன் அத்தான் வைத்துவிட்டுப் போன பென்ஷன் என் ஒருத்திக்குத் தாராளம். மாடியில் ஒரு பெண் இருந்தால் நல்லது. நம் வயதை ஒட்டியவளாக, நாலு வார்த்தை பேசத் தெரிந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுது. யோசித்து எழுது.

டெலிபோன் வைத்துக்கொள்ளச் சொல்லி உன் பையன் மறுபடியும் எழுதியிருந்தான். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் மற்றவர்கள் பேச்சைக் கோத்துவிட்டு, மூன்று நிமிடம் ஆனதும் துண்டித்தவள் நான். நீ பேசி முடிப்பதற்குள் என் கை பரபரக்கும். நமக்குக் கடிதமே போதும்.

என்றும் உன்
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டு எழுதிக்கொள்வது. உன் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, ஆறின தண்ணீர் இல்லை, பொறுக்கிற சூடு. வார்டில் எத்தனை முழங்காலைப் பார்த்திருப்பேன்! நான் சொன்னால் மட்டும் நீ கேட்கமாட்டாய். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

விசேஷம் என்றால், மருமகள் வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், கெட்டிக்காரி. என் அறையில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அதிலேயே பெஞ்சு போட்டிருக்கிறோம். என் கட்டில் இப்போது ஹாலில். காற்று பிரமாதமாக வருகிறது. டியூஷன் நேரத்தில் நான் காலாற நடந்துவிட்டு வருகிறேன். நடக்கத்தானே எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்? போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போவேன். அங்கே பெஞ்சும் இருக்கிறது, ஃபேனும் சுற்றுகிறது. கவுண்டரில் இருப்பவருக்கு என்னைத் தெரியும். "இன்னிக்கு யாருக்கும்மா லெட்டர்?" என்பார். "யாருக்கும் இல்லப்பா, உங்க ஃபேனைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பேன். இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன் என்றதும் அவருக்கே ஆச்சரியம்.

மருமகள் நல்ல பெண் அக்கா. "எது வேணும்னாலும் வாய்விட்டுக் கேளுங்க அத்தை, நீங்க சொல்லாம எனக்குத் தெரியாது" என்று பத்து தடவை சொல்லிவிட்டாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? நம் அப்பா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கேட்டவளுக்கு அந்தப் பதார்த்தம் அன்றைக்குக் கிடையாது, சும்மா இருந்தவளுக்கு இரண்டு பங்கு. நாம் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்போம்! அந்த வயதில் பழகினது, இப்போது கேள் என்றால் நாக்கு எழும்புமா?

மாடிக்கு ஆள் கேட்டிருந்தாய். நன்றாக யோசித்தேன். இங்கே கிளினிக்கில் டைப்பிஸ்டாக இருக்கும் பெண் உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறாள். கல்யாணமாகாதவள், அமைதி. சொல்லட்டுமா?

உன் அன்புத் தங்கை
சுண்டு


பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டு,

நீ சொன்ன ஒத்தடத்தைக் கொடுத்தேன். பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பது தெரிந்து நிம்மதி. ஹாலில் காற்று வருவதும் தெரிந்துகொண்டேன்.

டைப்பிஸ்ட் வேண்டாம். நாளைக்கே கல்யாணம் நிச்சயமாகும், போய்விடுவாள். மறுபடியும் முதலிலிருந்து. போகாமல் இருக்கிற ஆளாகப் பார்க்கிறேன்.

அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. வெளிர் பச்சை. பெயிண்டர் எடுத்துக் காட்டியதில் அதுதான் சுமாராக இருந்தது. கட்டிலும் செய்யச் சொன்னேன். தச்சர் அளவைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தாழ்வா எதுக்கும்மா? வாடகைக்கு வர்றவங்க எவ்வளவு உயரம்னு தெரியாம எப்படிச் செய்யறது?" என்றார். "ஏறி உட்காரும்போது கால் தரையில படணும், அவ்வளவுதான். செய்யுங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஜன்னல் தாழ்ப்பாளையும் கீழே இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தரகரிடம் என் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். விடிவதற்கு முன் பாட்டு முணுமுணுக்கக் கூடாது. பாத்திரத்தை வைக்கும்போது மெதுவாக வைக்க வேண்டும். குழாயைச் சரியாக மூடத் தெரிந்திருக்க வேண்டும். "இதெல்லாம் பார்த்தா ஆளே கிடைக்காது மேடம்" என்கிறார். கிடைக்கும், எனக்கு அவசரமில்லை. யாராக இருந்தாலும் எதையாவது பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஏன் இப்படி ஒரு பேனாவில் எழுதுகிறாய்? வரிக்கு ஒரு மைத்துளி. போஸ்ட் ஆபீஸில் நூலில் கட்டி வைத்திருக்கும் பேனா மாதிரி. வீட்டில் மேஜையில் உட்கார்ந்து, நல்ல பேனாவில் நிதானமாக எழுதக் கூடாதா?

உன்
அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய விரும்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே கொஞ்சம் வேலை.

உன் நிபந்தனைகளைப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. வீடு உன்னுடையது. உனக்கு ஒத்துவருகிற ஆளாகக் கிடைக்கட்டும். பாட்டு முணுமுணுக்காத, பாத்திரம் உருட்டாத, குழாயை மூடுகிற ஆள் எங்கேயாவது இருப்பாள்.

கொஞ்ச நாளாக இடது கண்ணில் ஒரு மங்கல். உங்கள் ஊர் கண் ஆஸ்பத்திரியில்தான் நன்றாகப் பார்க்கிறார்களாம், கூட வேலை செய்த சிஸ்டர் சொன்னாள். ஏப்ரல் இரண்டாவது வாரம் வரலாம் என்று இருக்கிறேன். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

பேனாவைப் பற்றி எழுதியிருந்தாய். மாற்றிக்கொள்கிறேன்.

சுண்டு


மார்ச் 11

அன்புள்ள சுண்டு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். உன் கண்ணைப் பற்றித்தான் கவலை. மங்கல் என்றால் எப்படி? புகை மாதிரியா, திரை மாதிரியா? நர்ஸாக இருந்துவிட்டு இப்படி அரைகுறையாக எழுதினால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

ஏப்ரல் இரண்டாவது வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். எங்கே தங்குவதாக உத்தேசம்? ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பக்கம்தான், நேர் பஸ் உண்டு. தகவலுக்காகச் சொல்கிறேன். உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய். என்னால் உனக்கு எந்தக் கட்டாயமும் வேண்டாம்.

மாடி ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. கட்டிலும் வந்துவிட்டது. தச்சர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முழங்கால் நாடியில் இடிக்கிறது என்று சிரித்தார். கூலியை வாங்கிக்கொண்டு சிரிக்கச் சொன்னேன். இன்னும் ஆள் அமையவில்லை. தரகர் கொண்டுவந்த நாலு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. யாரையும் எதிர்பார்த்து நான் உட்கார்ந்திருப்பது கிடையாது, உனக்கே தெரியும்.

தேதி முடிவானதும் எழுது.

உன்
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்காலைக் கவனித்துக்கொள்.

தங்குவதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அந்த சிஸ்டர் வீடு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துகொள் என்கிறாள். அதனால் உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஏப்ரல் பத்து, பதினொன்று இரண்டு நாள் டெஸ்ட் இருக்கும். முடிந்தால் ஒரு நடை உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மங்கல், திரை மாதிரி. ஓரத்திலிருந்து.

சுண்டு


ஏப்ரல் 30

சுண்டுவுக்கு,

நலம்.

நீ வந்து போனதாக உன் பையன் கார்டு எழுதியிருந்தான். கண்ணில் கோளாறு பெரிதாக இல்லை, சொட்டுமருந்து போதும் என்றார்களாம். சந்தோஷம். அதை நீயே எழுதியிருக்கலாம்.

பத்தாம் தேதியும் பதினொன்றாம் தேதியும் நான் தற்செயலாக வீட்டில்தான் இருந்தேன்.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு வாரமாகக் கைப்பையில் இருக்கிறது. எத்தனையோ தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இருக்கிறேன், கண்ணும் பரவாயில்லை.

நான் வந்தேன் அக்கா. பதினொன்றாம் தேதி டெஸ்ட் முடிந்து, சாயங்காலம் பஸ் பிடித்து உன் தெருவுக்கு வந்தேன். கையில் பழம்கூட வாங்கியிருந்தேன். எதிர் மருந்துக்கடைப் பக்கம் வந்ததும் பார்த்தால், உன் வீட்டு மாடியில் விளக்கு எரிகிறது. புதுத் திரை. ஜன்னல் திறந்திருக்கிறது. ஓகோ, ஆள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்லதுதான், நீ தனியாக இல்லை. ஆனால் அதற்கு மேல் கால் நகரவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் இருக்கிற நேரத்தில், அழைக்காமல் நான் போய் நின்றால் உனக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று தோன்றிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வேறு, "என்னம்மா வேணும், ரொம்ப நேரமா நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். "தலைவலி மாத்திரை" என்றேன். அந்த மாத்திரை இன்னும் பையில் இருக்கிறது. எனக்குத் தலைவலியே கிடையாது. பழத்தை சிஸ்டர் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதிலேயே வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன். அத்தான் போனபோது உன்னோடு வந்து இருந்தேனே, அப்போது குழாயைத் திறந்தபடி விட்டு டாங்க் முழுவதும் காலி. அன்றைக்கு நீ எல்லோர் முன்னாலும், "உன்னோட ஒரே வீட்ல எவ இருப்பா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நியாயமான கேள்விதான். பிப்ரவரியில் உன் நிபந்தனைகளைப் படித்தபோது, வேறு யாருக்கோ எழுதியதாக எனக்குப் படவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதின மாதிரி இருந்தது.

கோபமாக எழுதவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் வராது. நான் இப்படித்தான், சத்தக்காரி.

இங்கே ஒரு இடத்தில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை. இந்த வயதில் வேலையா என்று திட்டாதே. ஹாலில் கட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

சுண்டு


மே 24

சுண்டு,

கான்வென்ட்டில் மதர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் விஷயம். இத்தனை வருடமாக அந்த முறையை நான் மீறியதில்லை. நானும் நலம், நீயும் நலம் என்று மாறி மாறி எழுதிக்கொண்டதில் என்ன தெரிந்துகொண்டோம்? ஆகவே இன்றைக்கு விஷயத்தில் ஆரம்பிக்கிறேன்.

மாடியில் யாரும் இல்லை. ஒருவரும் வரவில்லை. விளக்கைப் போட்டது நான். பத்தாம் தேதியும் போட்டேன், பதினொன்றாம் தேதியும் போட்டேன். தெருமுனையிலிருந்தே உனக்குத் தெரியட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்தேன். முழங்காலோடு படியேறி இறங்கியதில் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. ஒத்தடத்துக்கும் கேட்கவில்லை.

"எங்கே தங்குவதாக உத்தேசம்?" என்று நான் எழுதியதற்கு, "உன் வீட்டில்தான், வேறெங்கே?" என்று நீ எழுதுவாய் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு பதில் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கால் தரையில் படுகிற கட்டில் யாருக்கு என்று நினைத்தாய்? எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் தரை எட்டாமல் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிற பெண்பிள்ளை நீ ஒருத்திதான். வெளிர் பச்சையையும் பெயிண்டர் காட்டவில்லை. அவர் வெள்ளை என்றார். நான்தான் அவரைக் கடைக்குத் திருப்பி அனுப்பினேன். அந்த நிபந்தனைகள் எல்லாம் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவைதான், அதில் நீ தப்புப் பண்ணவில்லை. இந்தச் சத்தம் எல்லாம் இந்த வீட்டில் வேண்டும் என்பதை நான் அப்படித்தான் எழுதினேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

"எவ இருப்பா" என்று நான் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். அந்த வாரம் வாசலுக்கு வந்த ஒருவரையும் நான் சும்மா விடவில்லை, துக்கம் கேட்க வந்தவர்களிடம் செருப்பை ஒழுங்காக விடச் சொன்னேன். அதை நீ இத்தனை நாள் சுமந்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், இருப்பவள் நான்தான் என்று அன்றைக்கே பதிலையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

இங்கே நாள் முழுவதும் நான் பேசுகிற பேச்சு, தரகரை விரட்டுகிற பேச்சு மட்டும்தான். அவரும் இந்த வாரம் வரவில்லை. ஒரு நாள் மீட்டர் பார்க்க வந்தவரிடம், தேவையில்லாமல், மோட்டார் வாங்கிய கதை முழுவதும் சொன்னேன். பாவம், கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வேலை வேண்டாம். நீ இங்கே வா. தங்கிவிட்டுப் போக வரவேண்டாம், இருக்க வா. குழாயைத் திறந்தே வை. கேட்கிறேன், சுண்டு. அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. போஸ்ட் செய்ததுமே வருத்தமாகிவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கவுண்டர்காரர், "என்னம்மா, லெட்டரா விழுந்துடுச்சு, கையா?" என்றார்.

சொன்னேனே ஒரு வேலை, அது முடிவாகிவிட்டது. வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் விடுதியில் வார்டன். நாளை மறுநாள் போய்ச் சேருகிறேன். தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் பார்த்ததும் சம்மதம் சொல்லிவிட்டேன். கேட் பூட்டுவதும், வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. யாருக்காவது காய்ச்சல் என்றால் நான் இருக்கிறேன் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

பையனுக்கு மனசு சரியில்லை. "ஏம்மா, இங்க என்ன குறை, சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான். "ஒரு குறையும் இல்லப்பா" என்றேன். மருமகள் உள்ளே போய் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, போய்க் கேட்கவும் இல்லை.

விலாசம் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் மாடிக்காரர்களுக்கு என் விசாரிப்பைச் சொல்.

சுண்டு


ஜூன் 3

அன்புள்ள சுண்டு,

நான் நலம். புது இடத்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு வேலை கிடைத்தது குறித்து மகிழ்ச்சி. பொறுப்பான பதவி. தாழ்ப்பாள் நல்லதாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்.

மே 24 தேதியிட்டு நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அது உன் கைக்கு வந்ததா, வந்தும் நீ அதைப் பற்றி எழுதாமல் விட்டாயா என்று தெரியவில்லை. எதுவானாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். காய்ச்சலில் மனிதர்கள் எதையாவது எழுதுவார்கள், உனக்குத் தெரியாததா.

மாடிக்கு ஆள் பேசி முடித்துவிட்டேன். யார் என்று இன்னும் முடிவாகவில்லை, அதைத் தரகர் பார்த்துக்கொள்வார். ஆக, எனக்குத் துணை இருக்கிறதா என்று நீ கவலைப்பட வேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சொட்டுமருந்தை விடாதே.

உன்
அக்கா


ஜூன் 9

அக்கா,

பையன் இன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தான். கிளம்புகிற நேரத்தில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, பெரியம்மாகிட்டேயிருந்து லெட்டர் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. டிவி மேல வச்சேன், அப்படியே மறந்துட்டேன்" என்று ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். மே 24. வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். அவன் பயந்துபோய், "என்னம்மா, பெரியம்மாவுக்கு ஏதாவது?" என்றான். "ஒண்ணுமில்லடா, கட்டில் செஞ்சிருக்காளாம்" என்றேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். விடுதிப் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலி போட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தபால்காரர் வந்தார். உன்னிடமிருந்து இன்னொரு கவர், இந்த விலாசத்துக்கு.

அதை நான் பிரிக்கவில்லை. விலாசத்தைப் பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் நேராக, ஒரே அளவாக, சாயாமல் நிற்கிறது. நீ இவ்வளவு அழகாக எழுதினால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் என்று எழுதியிருப்பாய், இல்லாவிட்டால் ஆள் வந்துவிட்டது என்று எழுதியிருப்பாய். ஒட்டினது ஒட்டினபடியே இதோடு வைத்து அனுப்புகிறேன். அது உன்னுடையது, நீயே வைத்துக்கொள். முதல் கடிதத்தை மட்டும் தரமாட்டேன்.

இங்கே வேறு ஒருத்தியைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். கிடைக்கும் வரைக்கும் இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை மீறக் கூடாது. ஒரு மாதம் ஆகுமோ, கூட ஆகுமோ. அதற்கு முன்னால் வருகிற சனிக்கிழமை எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் வருகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். மாடி விளக்கைப் போடுவதற்காகப் படியேறி முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே, நான் பகலில் வருகிறேன். நீ உள்ளேயே உட்கார்ந்திரு. நான் வந்து மணி அடிப்பேன். நீ திறக்கிற வரைக்கும் அடிப்பேன்.

சுண்டு